சிப்பியின் நோயும் நம் உணவும்



சம்பள நாள் மாலையில் இரவுச் சந்தைக்குச் செல்லும் நம்மவருட் பலர், கொதிநீரில் ஒரு முறை அமிழ்த்தி எடுத்த கெராங் சிப்பியைச் சம்பலில் தோய்த்து விரும்பி உண்கின்றனர். அச்சிப்பி இனத்திற்குப் புற்றுநோய் வருகிறதாமே, அது உண்போரையும் பற்றுமோ என்று சிலர் நம்மிடம் வினவினர்.

நோய் வருவது மெய்யே. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வாழும் மென்னோட்டுச் சிப்பிகளிடம், இரத்தப் புற்றுநோயை ஒத்த பிணி 1970ஆம் ஆண்டுகளிலேயே அறியப்பட்டது. தெளிந்திருக்க வேண்டிய குருதி, மிகுதியாகப் பெருகிய அணுக்களால் பால்போல் கலங்கிவிடும். வைரஸ் கிருமியே இதற்குக் காரணமென அறிஞர் நெடுங்காலம் ஐயுற்றனர். நோயுற்ற அணுக்களில், வைரஸின் இயல்பை ஒத்த 'ஸ்டீமர்' என்னும் மரபுத் துணுக்கு நூற்றுக்கு மேற்பட்ட படிகளாகப் பெருகியிருந்ததும் அவ்வையத்தை வலுப்படுத்தியது.

ஆயினும் 2015இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டது வேறு. நியூயார்க், மேய்ன், கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு ஆகிய இடங்களில் எடுத்த சிப்பிகளின் புற்றணுக்கள், தாம் குடியிருந்த சிப்பியின் மரபை ஒத்திருக்கவில்லை. தமக்குள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. என்றோ ஒரு சிப்பியில் தோன்றிய புற்றணு, அது மடிந்த பின்னும் உடல்விட்டு உடல் பாய்ந்து வாழ்கிறது. கூடுவிட்டுக் கூடு பாய்ந்த சித்தர் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கும் இது வியப்பே. ஸ்பெயின் நாட்டுக் கடலில் ஓரினச் சிப்பியின் புற்று வேறோரினத்திற்குத் தாவியிருப்பதை 2016இல் கண்டனர். மனிதரைப் பற்றியதாகச் சான்று எதுவும் இல்லை. 2008இல் பிரான்சு நாட்டில் இளஞ்சிப்பிகளைப் பெருவாரியாக மாய்த்த ஹெர்ப்பிஸ் வைரஸும் சிப்பிக்குத்தான் பகை.

நாம் அஞ்ச வேண்டியது சிப்பியின் நோயை அன்று. மனிதர் கழிவிலிருந்து சிப்பிக்குள் புகும் நோயையே. சிப்பி நாள்தோறும் பல லிட்டர் நீரை வடிகட்டி இரை தேடுகிறது. மலம் கலந்த நீராயின், அதிலுள்ள ஏ வகை மஞ்சட்காமாலை வைரஸ் அதன் உடலில் செறிகிறது. சிப்பிக்கு அதனால் கேடில்லை. ஆகவே பார்வையாலும் மணத்தாலும் நாம் அறிய இயலாது. 1983இல் சிங்கப்பூரில் அரைவேக்காட்டுக் கெராங்கினால் இந்நோய் பரவியது. 1988இல் சீனத்தின் ஷாங்காய் நகரில், சரிவர வேகாத சிப்பியை உண்டு ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நோயுற்றனர்.

ஓடு திறந்துவிட்டால் வெந்துவிட்டதென்று பலர் கருதுகின்றனர். அது பிழை. உட்சதை 90 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 90 வினாடியேனும் இருத்தல் வேண்டும். ஓடு திறந்த பின்னும் சில நிமிடம் நன்கு கொதிக்கவிடுங்கள். சதை ரப்பர்போல் ஆகிவிடுமே என்பீர்கள், ஆகும்தான். ரப்பரோடு பழகிய நமக்கு அது பெருங்குறையா?

இன்னொன்று. இந்நோய் உண்ட மறுநாளே தோன்றுவதில்லை. 15 முதல் 50 நாள் வரை மறைந்திருக்கும். அதற்குள் சந்தையில் உண்டதை மறந்துபோவோம். கண் மஞ்சளித்து, சிறுநீர் கறுத்து, உணவில் வெறுப்புத் தோன்றினால் உடனே மருந்தகம் செல்லுங்கள். சென்ற மாதம் சிப்பி உண்டிருந்தால் அதனையும் மருத்துவரிடம் கூறுங்கள்.