வில்லும் விலையும்



வில்லென்றதும் விசயனைப் புகழ்கின்றோம். இராஞ்சியருகே ஆட்டோ ஓட்டுநர்க்கு மகளாய்ப் பிறந்து, மாங்காய்மீது கல்லெறிந்து குறி பழகிய தீபிகா குமாரியாரை நம்மில் எத்துணைப் பேர் அறிவோம்? 2006இல் ஜாம்ஷெட்பூர் டாட்டா வில்வித்தைக் கழகத்திற் சேர்ந்த பின்னரே அவர்க்கு முறையான வில் கைக்கு வந்தது. 2010இல் தில்லிக் காமன்வெல்த் விளையாட்டில் இரு பொற்பதக்கம் வென்றார்.

கல்லுக்கு விலையில்லை, வில்லுக்கு உண்டு. மூங்கில் வில்லுக்குத் தேசியப் போட்டியிலும் தனிப்பிரிவு உளதேனும், ஒலிம்பிக்கில் 70 மீட்டர்க்கப்பால் எய்யும் வில் வேறு.

யாம் வாலாஜாபாத்தில் கற்பித்த மாணவி ஒருத்தி மூங்கில் வில்லோடு மாவட்டப் போட்டியில் முந்தினாள். அவ்வில் வாங்க வழியின்றி அத்துடன் நின்றாள். இன்று ஒரகடத்துத் தொழிற்சாலையொன்றில் திருகாணி முடுக்குகின்றாள். (அத்தொழில் தாழ்வென்பது எம் கருத்தன்று.) கலியாண மண்டபத்திற்கெனச் சேர்த்த நிதியில் ஒரு வில் வாங்குவதை அடுத்த நிருவாகக் கூட்டத்தில் ஆராயுமாறு வேண்டுகின்றோம்.