போர்த்துக்கீசியர் ஆட்சி முடிந்த கதை

நம் வீட்டில் ஜன்னல் இருக்கிறது. துணிமணி வைக்க அலமாரி இருக்கிறது. அதைப் பூட்டச் சாவி இருக்கிறது. இந்த மூன்று சொற்களும் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியை மலாய் மொழியில் 'செக்கோலா' என்கிறோம் அல்லவா? அதுவும் அவர்கள் விட்டுச் சென்ற சொல்தான்.

சொல்லைத் தந்தவர்கள் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். அல்புகர்க் என்ற தளபதி 1510-இல் இந்தியாவின் கோவாவைப் பிடித்தான். மறு ஆண்டே, 1511-இல், கப்பல்களோடு வந்து நம் மலாக்காவையும் பிடித்தான். அவன் கட்டிய கோட்டையின் வாசல் இன்றும் மலாக்காவில் நிற்கிறது. 1641-இல் டச்சுக்காரர்கள் அவர்களை மலாக்காவிலிருந்து விரட்டினார்கள். ஆனால் கோவாவில் அவர்கள் 451 ஆண்டுகள் நிலைத்துவிட்டார்கள். ஆப்பிரிக்காவிலோ அங்கோலா, மொசாம்பிக், கினி ஆகிய நாடுகளை 1970-களின் நடுப்பகுதி வரை விடவில்லை.

போர்த்துகல் ஒரு சிறிய நாடு. செல்வம் மிகுந்த நாடும் அல்ல. அது எப்படித் தன்னைவிடப் பல மடங்கு பெரிய நாடுகளைக் கட்டி ஆண்டது? மற்றவர்களுடைய கை உழைப்பைக் கொண்டுதான்.

அங்கோலாவின் கசாஞ்சே பகுதியைப் பாருங்கள். அங்குள்ள குடியானவர்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பருத்தி பயிரிட்டாக வேண்டும். விளைந்ததை ஒரே ஒரு கம்பெனிக்குத்தான் விற்க வேண்டும். விலையை நிர்ணயிப்பது விளைவித்தவன் அல்ல. பருத்தி நட்ட நிலத்தில் சோற்றுக்கான பயிர் எப்படி விளையும்? வயலில் வெள்ளை வெளேரென்று பருத்தி, வீட்டில் பசி. காப்பித் தோட்டங்களுக்கும் சாலை வேலைக்கும் 'ஒப்பந்தம்' என்ற பெயரில் ஆட்களைப் பிடித்துப் போனார்கள். நம் பாட்டன் பூட்டன் காலத்து ஒப்பந்தக் கூலி முறையைக் கேள்விப்பட்டவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டில் அந்த முறை 1910-இல் நின்றது. அங்கே அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகும் கட்டாய உழைப்பு நீடித்தது.

1961 ஜனவரியில் கசாஞ்சே மக்கள் பருத்தி நட மறுத்தார்கள். கொடுத்த விதையைக் கொளுத்தினார்கள். அரசாங்கம் ஆகாய விமானத்திலிருந்து குண்டு வீசியது. அங்கோலாவில் ஜனவரி 4-ஆம் நாளை இன்றும் அந்தத் தியாகிகளின் நாளாக நினைவுகூர்கிறார்கள்.

கினியிலும் இதே கதைதான். 1959 ஆகஸ்டு 3-ஆம் நாள் பிஸ்ஸாவ் துறைமுகத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். போலீசார் சுட்டதில் பலர் மாண்டனர். அங்கே விடுதலை இயக்கத்தை நடத்தியவர் அமில்கார் கப்ரால். அவர் படித்தது விவசாயம். 1953-இல் ஊர் ஊராகச் சென்று எந்த மண்ணில் என்ன விளைகிறது என்று அரசாங்கத்துக்காகக் கணக்கெடுத்தவர். வெறுங்கையோடு கூலி கேட்டவர்களுக்கே குண்டு பதிலென்றால், இனி ஆயுதமில்லாமல் வழியில்லை என்ற முடிவுக்கு அவருடைய இயக்கம் வந்தது. 1963 ஜனவரியில் போர் தொடங்கியது. மீட்ட கிராமங்களில் இயக்கத்தார் பள்ளிக்கூடம் திறந்தார்கள், மருந்து கொடுத்தார்கள், மக்கள் கடைகள் வைத்தார்கள். நெல் விளையாவிட்டால் போரும் இல்லை என்பதை அந்த விவசாயப் படிப்பாளி அறிந்திருந்தார்.

இனி கோவாவுக்கு வருவோம். 1946 ஜூன் 18-இல் மட்காவ் நகரில் டாக்டர் ராம் மனோகர் லோகியா தடையை மீறிப் பேசிக் கைதானார். 1955 ஆகஸ்டு 15-இல் ஆயிரக்கணக்கான சத்தியாக்கிரகிகள் ஆயுதமில்லாமல் எல்லையைக் கடந்து நடந்தார்கள். அவர்களையும் சுட்டார்கள், இருபது பேருக்கு மேல் இறந்தனர். போர்த்துகலின் சர்வாதிகாரி சலாசார், 'இவை காலனிகள் அல்ல, கடல் கடந்த எங்கள் மாநிலங்கள்' என்று சாதித்தார். பெயரை மாற்றினால் அடிமைத்தனம் மாறுமா?

1961 அக்டோபரில் டில்லியில் நடந்த கருத்தரங்கில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் இந்தியாவைப் பார்த்து, 'கோவா விழுந்தால் எங்கள் நாட்டிலும் அவர்கள் பிடி தளரும்' என்ற கருத்தை எடுத்துரைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 18-இல் இந்தியப் படை கோவாவுக்குள் நுழைந்தது. கடைசி ஆள் வரை போராடு என்பது சலாசாரின் கட்டளை. ஆனால் ஆளுநர் வசாலோ எ சில்வா வீணாக உயிர்களைப் பலியிடாமல் 19-ஆம் நாளே சரணடைந்தார். ஊர் திரும்பிய அவரைப் பட்டாளத்திலிருந்து நீக்கினார்கள். மக்கள் உயிரைக் காத்ததற்கு அவருக்குக் கிடைத்த கூலி அது.

ஆப்பிரிக்காவில் போர் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் நீண்டது. 1964-இல் மொசாம்பிக்கும் எழுந்தது. 1973 ஜனவரியில் கப்ரால் கொலையுண்டார். விடுதலையைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. முடிவில், ஓயாத போரில் களைத்துப்போன போர்த்துக்கீசியப் பட்டாள அதிகாரிகளே 1974 ஏப்ரல் 25-இல் தங்கள் சர்வாதிகார அரசைக் கவிழ்த்தார்கள். 1975-இல் மொசாம்பிக்கும் அங்கோலாவும் சுதந்திரம் பெற்றன. கோவா இந்தியாவுடையது என்று போர்த்துகல் ஒப்புக்கொண்டதும் 1974 டிசம்பரில்தான். அடிமைப்பட்டவன் விடுதலை பெற்றபோது, அடக்கியவன் நாட்டு மக்களும் விடுதலை பெற்றார்கள்.

நேயர்களே, கதை இங்கே சுபமாக முடிந்துவிடவில்லை. கொடி ஏறிய பிறகு சொந்த மக்களுக்குள்ளேயே சண்டை மூண்டது. மொசாம்பிக்கில் 1992 வரையும், அங்கோலாவில் 2002 வரையும் ரத்தம் சிந்தியது. அந்நியன் போவது ஒரு வேலை. உழைப்பவன் கைக்கு நிலமும் படிப்பும் வந்து சேர்வது இன்னொரு வேலை. இரண்டாவது வேலை துப்பாக்கியால் ஆவதல்ல.

இதை நாமும் அறிவோம். நாடு சுதந்திரம் பெற்ற காலத்தில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனார்கள். பால் மரம் வெட்டியவர்கள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். அப்போது நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. ஆனாலும் அதுவும் ஒரு போராட்டமே.

இன்று பல குடும்பங்கள் லயத்தை விட்டு ஈப்போ போன்ற பட்டணங்களுக்கு வந்துவிட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் நிற்கின்றன. கையில் ஒரு துண்டு நிலமாவது நம் பெயரில் உண்டா, பிள்ளை கடைசி வகுப்பு வரை படிக்கிறதா என்ற இரு கேள்விகளை ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். கசாஞ்சேயில் பருத்தி விதையைக் கொளுத்திய குடியானவன் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான்.