மெர்டேக்கா அரங்கமும் ஓர் ஏப்ரல் இரவும்
(ஒன்றுகூடல் விருந்தில் ஆற்றிய உரை)



கோலாலம்பூர் நடுவில் இருக்கும் மெர்டேக்கா அரங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன். 1957 ஆகஸ்டு 31-இல் துங்கு அங்கே ஏழு முறை "மெர்டேக்கா" என்று முழங்கியது உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கு. நான் சொல்ல வந்தது பந்தைப் பற்றி.

அதே 1957-இல் மெர்டேக்கா கிண்ணப் போட்டியும் தொடங்கிவிட்டது. ஆசியாவின் பெரிய குழுக்கள் எல்லாம் வந்தன. இந்தியா 1959-லும் 1964-லும் இரண்டாம் இடம். 1975-இல் முகமது அலியே வந்து குத்துச்சண்டை போட்டுவிட்டுப் போனார். அது வேற கதை.

1980 ஏப்ரல் 6-க்கு வருகிறேன். ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம், எதிரில் தென்கொரியா. நம் பக்கம் சோ சின் ஆன், சந்தோக் சிங், ஹசான் சானி, ஜேம்ஸ் வோங். கோல் கம்பத்தில் நம்ம ஆறுமுகம். கை அவ்வளவு நீளம், "ஸ்பைடர்மேன்" என்றே பெயர். சீனர், சீக்கியர், தமிழர், மலாய்க்காரர், சபாக்காரர் எல்லாரும் ஒரே சட்டையில். ஜேம்ஸ் வோங் அடித்த கோலில் 2-1. மாஸ்கோவுக்குச் சீட்டு கிடைச்சாச்சு!

ஆனால் போகவில்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அரசு முடிவில் நியாயம் இருக்கலாம். அந்தப் பதினொரு பேருக்கு யார் என்ன பதில் சொல்வது? ஆறுமுகம் 1988-இல் சாலை விபத்தில் போய்விட்டார். 2016-இல் வந்த 'ஓலா போலா' படம் பார்த்த தம்பிகளுக்கு அந்தக் கோல்காவலர் யாரென்று தெரிந்திருக்கும்.

1998 காமன்வெல்த் விளையாட்டோடு பெரிய ஆட்டங்கள் புக்கிட் ஜாலிலுக்குப் போயின. நகர நடுவிலே நிலத்தின் விலை தெரியுமே, பழைய அரங்கத்தை இடிக்கவே திட்டம் இருந்தது. 1997 பணநெருக்கடிதான் காப்பாற்றியது. 2007-இல் புதுப்பித்தார்கள், 2008-இல் யுனெஸ்கோ விருதும் வந்தது. எனக்கு ஒரே மனக்குறை. 1957 தோற்றத்தைக் கொண்டுவர, பின்னால் சேர்த்த இருக்கை அடுக்குகளை எடுத்துவிட்டார்கள். 1980-இல் கூட்டம் எழுந்து கத்திய படிகளில் ஒரு பகுதி அதோடு போயிற்று.

மெர்டேக்கா எம்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் நடந்தே போகலாம். 118 மாடிக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீங்க, அரங்கம் அதன் பக்கத்திலேயே இருக்கு.