ரசீது கேட்கிற டிரைவர்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, பரளச்சி, கமுதி என்று விரிகிற பூமி வானம் பார்த்த கரிசல். மழை ஏமாற்றிய வருசங்களில் காட்டை நிறைத்து நிற்பது சீமைக்கருவேலம்தான். அதை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி, சாக்கில் கட்டி வெளிமாநிலங்களுக்கு லாரி ஏற்றுகிறார்கள். விளைச்சல் கைவிட்ட வீடுகளிலிருந்து லைசென்ஸ் எடுத்து ஸ்டியரிங் பிடிக்கப் போனவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். கரி லோடோடு வடக்கே போகிறவர்கள், தூத்துக்குடித் துறைமுகத்துச் சரக்கை ஓட்டுகிறவர்கள், வளைகுடாவில் ஹவுஸ் டிரைவராக இருக்கிறவர்கள் என்று பல வகை. பாஷை தெரியாத ஊரில், நடுவழியில், காக்கி உடை கையைக் காட்டி நிறுத்துவது என்பது இவர்கள் எல்லோருக்கும் பொதுவான கஷ்டம். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

வெளிமாநிலச் செக்போஸ்ட் ஒன்றை லாரி நெருங்கும்போது வழக்கமாக நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். வண்டியின் வேகம் குறையும் முன்பே கிளீனர் ஆர்சி புக்கைக் கையில் எடுத்துவிடுகிறார். அதன் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு நோட்டு நாலாக மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. இறங்கி ஓடுகிறார், சன்னலுக்குள் நீட்டுகிறார், உறை திரும்பி வருகிறது. நோட்டு வரவில்லை. புக்கை யாரும் பிரித்துப் படிக்கவும் இல்லை. பெர்மிட் இருக்கிறதா, எப்சி முடிந்துவிட்டதா, தார்ப்பாய்க்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு கேள்வி கிடையாது. சட்டத்தை மீறியதற்கான தண்டனை என்றால் முதலில் மீறல் இருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள். பார்க்காமலே பணம் வாங்குகிறார்கள் என்றால் அங்கே விற்கப்படுவது வேறு சரக்கு. அது நேரம். 'இதைக் கொடுத்தால் இப்போதே போகலாம், கொடுக்காவிட்டால் ஓரமாக நிறுத்து' என்பதுதான் அந்தச் சன்னலில் நடக்கிற வியாபாரம். டிரைவரிடம் தப்பே இல்லாவிட்டாலும் இந்த வியாபாரம் நடக்கும். லோடு இறக்க வேண்டிய நேரம், வண்டியின் மாதத் தவணை, திரும்பி வரும் லோடு எல்லாம் அவர் கழுத்தில் தொங்குகின்றன. நிறுத்துகிறவருக்கோ பொழுது முழுக்கச் சும்மா கிடக்கிறது.

இது சில்லறைச் சமாச்சாரம் இல்லை. சேவ்லைஃப் பவுண்டேஷன் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்பு நாட்டின் 10 நகரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லாரி டிரைவர்களிடம் விசாரித்து 2020 பிப்ரவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. கடைசியாகப் போன நடையில் சாலையில் ஏதாவதொரு துறையினருக்குப் பணம் கொடுத்ததாகச் சொன்னவர்கள் 82 சதவீதத்துக்கும் மேல். ஆண்டுக்குச் சுமார் 48,000 கோடி ரூபாய் இப்படிக் கைமாறுகிறது என்று அந்த அறிக்கை கணக்கிட்டது. இவ்வளவு பெரிய தொகைக்கு எங்கும் திருட்டு என்று பெயர் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நம் ஊரில் அது மாமூல், அதாவது 'வழக்கமானது' என்று பொருள்படும் அரபிச் சொல். இந்திக்காரர் 'சாய் பானி' என்பார். வடக்கே லாரிக்காரர்கள் வாயில் அது 'எண்ட்ரி'. மலேசியாவில் 'டூயிட் கோப்பி', கோப்பிக் காசு. வாங்குகிறவர் கூசாமல் கேட்கவும், கொடுக்கிறவர் கேள்வி கேட்காமல் நீட்டவும் இந்தப் பெயர்கள் உதவுகின்றன.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. மாமூல் கொடுப்பது டிரைவரின் கை. அதை முடிவு செய்வது பெரும்பாலும் அவர் இல்லை. லோடு ஏறும்போதே வழிச்செலவுக்கென்று ஒரு தொகையை எண்ணிக் கொடுக்கிறார்கள். டீசல், டோல், பேட்டா என்று போகிற நடைக் கணக்கில் 'போலீஸ், ஆர்டிஓ' என்றும் ஒரு வரி இருக்கும். அந்த வரியை எழுதுகிறவர் லாரி ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு இருட்டில் இறங்கி நீட்டுகிறவர் டிரைவர். சட்டம் யாரைப் பிடிக்கும்? 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி லஞ்சம் கொடுப்பதும் தனிக் குற்றம், ஏழு ஆண்டுவரை சிறை உண்டு. அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவு வணிக நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. ஆனால் நடைமுறையில் மாட்டுவது நோட்டைப் பிடித்திருக்கும் விரல்கள்தான். தன் வண்டியின் நேரத்தை முதலாளி காசு கொடுத்து வாங்குகிறார், அதற்கான ஆபத்தைச் சம்பளக்காரர் சுமக்கிறார். இந்த ஏற்பாடு எனக்கு அநியாயமாகப் படுகிறது. ஆகவே டிரைவருக்குப் புத்தி சொல்லும் முன்பு ஓனருக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. கணக்கில் அந்த வரியை அடித்துவிட்டு, 'தாமதமானால் பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று ஒரு வார்த்தை கொடுங்கள். தாமதத்துக்குப் பயப்படாத டிரைவரிடம் நேரத்தை விற்க முடியாது.

இதற்கு லாரித் தொழிலில் இருப்பவர்கள் உடனே ஒரு பதில் வைத்திருப்பார்கள். 'அண்ணாச்சி, இருநூறு ரூபாயில் முடிகிற காரியத்துக்கு அரை நாள் வண்டியை நிறுத்தினால் தொழில் செய்ய முடியுமா?' நியாயமான கேள்விதான். ஒரு செக்போஸ்ட்டை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் இருநூறு ரூபாய் லாபம். ஆனால் வண்டி ஒரு செக்போஸ்ட்டோடு நிற்பதில்லை. அந்த அறிக்கையின் கணக்கில் ஒரு நடைக்குச் சராசரி 1,257 ரூபாய். இன்றைக்குக் கொடுத்தது நாளைக்கு வருகிறவருக்கு விலையாகிவிடுகிறது. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மாமூலில் ஒரு பகுதி பறிமுதல், இன்னொரு பகுதி விலைக்கு வாங்கிய தப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, மிச்சச் சரக்கை இறக்கியும் ஆக வேண்டும். இதற்குப் பக்கத்தில் ஆயிரம் ரூபாய் மாமூல் மலிவாகத் தெரிகிறது. அப்படி ஏற்றிவிட்டுப் போகிறவர் வழியில் நியாயம் கேட்க முடியாது. எடைமேடைச் சீட்டு சரியாக இருக்கிற வண்டிக்குத்தான் நான் சொல்லப்போகிற வழி செல்லும். எடை சரியில்லாத வண்டியை எடுக்க மறுப்பதும் டிரைவரின் உரிமைதான், அதில் வேலை போகும் பயம் கலந்திருக்கிறது என்பது தெரிந்தே சொல்கிறேன்.

சரி, காகிதம் எல்லாம் சரியாக இருக்கிறது, நிறுத்துகிறார்கள். அப்போது டிரைவருக்கு இருக்கிற ஆயுதம் ஒரே ஒரு சொல். ரசீது. பாரசீகத்திலிருந்து வந்து இந்த நாடு முழுக்கப் பரவிய சொல் அது. தமிழில் ரசீது, தெலுங்கில் ரசீது, கன்னடத்தில் ரசீதி, மலையாளத்தில் ரசீத், இந்தியில் ரசீத். பாஷையே தெரியாதவருக்கும் இந்த ஒரு வார்த்தை நெடுஞ்சாலை நெடுகப் போதும். வடக்கே இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டுமானால், 'சலான் காட் தீஜியே' என்று லாரிக்காரர்களே சொல்கிற வாக்கியம் இருக்கிறது. 'சலான் போட்டுக் கொடுங்கள்' என்று அர்த்தம். சண்டை போட வேண்டாம், குரலை உயர்த்த வேண்டாம், சட்டம் பேசவும் வேண்டாம். தப்பு இருந்தால் எழுதிக் கொடுங்கள், கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியின் பக்கத்திலேயே நின்றால் போதும். எழுத வேண்டும் என்றால் மீறலுக்கு ஒரு பிரிவு வேண்டும், எழுதுகிற அதிகாரியின் பெயர் வேண்டும், நேரம் வேண்டும், பணம் அரசுக் கணக்குக்குப் போக வேண்டும். இது எதுவும் அந்தச் சன்னல் வியாபாரத்துக்கு ஒத்து வராது. அதுவரை டிரைவரின் நேரம் மட்டும்தான் கரைந்துகொண்டிருந்தது. ரசீது என்ற சொல்லுக்குப் பிறகு எதிரே நிற்கிறவரின் நேரமும் கரையத் தொடங்குகிறது.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் சட்டமும் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 130-ஆம் பிரிவுப்படி லைசென்ஸைக் கேட்கிற போலீஸ்காரர் சீருடையில் இருக்க வேண்டும். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் 206-ஆம் பிரிவுப்படி தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். லைசென்ஸ் திரும்பி வரும்வரை, அல்லது சீட்டில் தேதி குறித்திருந்தால் அந்தத் தேதிவரை, எது முந்தியோ அதுவரை அந்தச் சீட்டை வைத்தே வண்டி ஓட்டலாம். லைசென்ஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேரம் பேசுவது வழிப்பறியின் பழைய உத்தி, அதற்கு மாற்று மருந்து இந்தப் பிரிவு. 2020 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ சரிபார்க்கப்பட்ட ஆவணம் செல்போனில் இருந்தால் அசல் காகிதம் கேட்கக் கூடாது. ஆகவே அசலை வண்டிக்குள் பத்திரமாக வைத்துவிட்டு போனைக் காட்டலாம். கையில் பிடித்து வைக்கக் காகிதம் கிடைக்காவிட்டால் பாதிப் பேரம் அங்கேயே விழுந்துவிடும்.

அந்த இருநூறு ரூபாய்க் கேள்வியைவிடக் கனமான எதிர்க்கேள்வி பயத்திலிருந்து வருகிறது. தனியாக, ராத்திரியில், நாலு பேர் லத்தியோடு சூழ்ந்து நிற்கும்போது ரசீது கேட்கச் சொல்வது சுலபம், கேட்டு அடி வாங்குவது யார்? சாத்தான்குளம் நமக்குத் தூரத்து ஊர் இல்லை. 2020-இல் அங்கே போலீஸ் காவலில் அடிபட்ட தந்தையும் மகனும் இறந்துபோனதைக் கேட்ட எவரும் இந்தப் பயத்தை அற்பமென்று தள்ள மாட்டார்கள். உயிருக்கும் உடம்புக்கும் ஆபத்து என்று தோன்றினால் பணத்தைக் கொடுத்துவிட்டு நகர்வதுதான் சரி. அதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. சட்டமும் அதற்கு இடம் விட்டிருக்கிறது. கட்டாயத்தால் லஞ்சம் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் காவல் துறையிலோ விசாரணை அமைப்பிலோ தகவல் கொடுத்தால் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு அவரைத் தொடாது. தமிழ்நாட்டுக்குள் நடந்தால் லஞ்ச ஒழிப்புத் துறைக்கு 1064 என்ற எண் இருக்கிறது. இடம், நேரம், சீருடையில் இருந்த பெயர்ப்பட்டை, ஜீப்பின் எண் ஆகியவற்றை அடுத்த டீக்கடையில் இறங்கியதும் டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். ஊர் திரும்பிப் புகாரை எழுத ஓனரோ, சங்கமோ, படித்த பிள்ளையோ உதவலாம். அந்த நாலு வரி இல்லாமல் புகாருக்குக் கால் முளைக்காது.

கடல் கடந்து வளைகுடாவுக்குப் போனவர்களின் விஷயம் தலைகீழ். நம் சாலைகளில் பழகிய கை அங்கே போய் இகாமா என்கிற குடியிருப்பு அனுமதி அட்டையோடு ஒரு நோட்டையும் சேர்த்து நீட்டினால் அதோடு வாழ்க்கையே முடிந்துபோகலாம். சவுதி அரேபியாவின் லஞ்சச் சட்டத்தில் கொடுக்கிறவருக்கும் பத்தாண்டுவரை சிறை, பத்து லட்சம் ரியால்வரை அபராதம். அங்கே மீறலைக் கேமரா பிடிக்கிறது, அபராதம் கணினியில் ஏறுகிறது. சாலையோரத்தில் ரொக்கமாகக் கட்டச் சொல்கிறவர், அதுவும் சாதாரண உடையில் வந்து பர்ஸைக் காட்டச் சொல்கிறவர், போலீஸ்தானா என்று அடையாள அட்டை கேட்டுத் தெளிவது நல்லது. பிடித்து வைத்தால் கேட்க வேண்டியது இந்தியத் தூதரகத்தை. 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவு, கைதான வெளிநாட்டவர் கேட்டால் அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்கிறது. வீட்டில் இருப்பவர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் மதத் என்ற இணையதளத்தில் புகார் பதியலாம். புறப்படும் முன்பே பாஸ்போர்ட், விசா நகல்களையும் தூதரக எண்ணையும் மனைவியிடமோ தம்பியிடமோ கொடுத்துவிட்டுப் போவது அரைமணி நேர வேலை.

தனி ஆள் ரசீது கேட்டு என்ன மாறும் என்று நினைக்கிறவர்களுக்கு, அமைப்பு மாறிய இடங்களைக் காட்டலாம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் மாநில எல்லைகளில் வணிகவரிச் செக்போஸ்ட்கள் மூடப்பட்டன. லாரிகள் வரிசையாக நின்ற இடங்கள் காலியாயின. போக்குவரத்துத் துறையின் செக்போஸ்ட்களை குஜராத் 2019-லும் மத்தியப் பிரதேசம் 2024 ஜூலையிலும் எடுத்துவிட்டன. செக்போஸ்ட் போனதால் போலீஸ் போய்விடவில்லை, நடமாடும் ஜீப் இருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் ஒரே இடத்தில் நின்று எல்லா வண்டியையும் வடிகட்டுகிற வசதி குறைந்தது. தவிர்க்க முடியாதது என்று பல வருசம் சொல்லப்பட்ட ஒன்றை ஒரு அரசாணையால் எடுக்க முடிந்தது.

கடைசியாக ஒன்று, இது நம் பக்கத்துக் கணக்கு. அதே 2020 அறிக்கையில், லஞ்சம் கொடுத்ததாகச் சொன்ன டிரைவர்களின் விகிதத்தில் முதலிடம் குவாஹாட்டிக்கு. இரண்டாமிடம் நம் சென்னைக்கு, 89 சதவீதம். டெல்லிகூட அதற்குப் பின்னால்தான். வடக்கே போன நம் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று நாம் வருத்தப்படுகிற அதே ராத்திரியில், மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி போகிற 38-ஆம் எண் நெடுஞ்சாலையில் ராஜஸ்தான் பதிவெண்ணோடு ஒரு லாரி வருகிறது. அதன் டிரைவருக்குத் தமிழ் தெரியாது. சாலையோரத்தில் நிறுத்தப்பட்டால், அவரும் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்று, தெரிந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்வார். ரசீத், சாப், ரசீத். அதைப் புரிந்துகொள்ள இந்த ஊரில் யாருக்கும் இந்தி தெரிய வேண்டியதில்லை.