நீதியாசனமும் சொத்துக் கணக்கும்
(காங்கேசன்துறைக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நீதிபதிகளின் சொத்துக் கணக்கைப் பற்றிப் பேசுவதற்குக் காங்கேசன்துறைதானா இடம் என்று சிலர் எண்ணக்கூடும். இதனினும் பொருத்தமான இடம் வேறில்லை என்பேன். 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களின் நிலத்தில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாக 2013இல் அரசாங்கம் அறிவித்தபோது, நம்மவர் எங்கே சென்றனர்? காணி உறுதிகளுடன் நீதிமன்றத்துக்கே சென்றனர். ஒரு புறம் அரசு, மறுபுறம் கமக்காரன். நடுவே அமர்பவர் எவருக்கும் கடன்பட்டவரல்லர் என்ற நம்பிக்கை ஒன்றே எளியவனின் பலம்.

நீதிபதி சொத்து விபரம் கொடுத்தல் வேண்டும் என்ற விதி இந்நாட்டுக்குப் புதியதன்று. 1975ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் மக்கள் பிரதிநிதிகளையும் நீதிபதிகளையும் ஒருங்கே கட்டுப்படுத்திற்று. ஆயினும் அதிலே ஒரு விந்தை இருந்தது. கட்டணஞ் செலுத்தி விபரத்தின் பிரதியைப் பெறலாம். பெற்றவர் அதைப் பிறருக்கு வெளியிடலாகாது! கிணற்றைக் காட்டி நீரை மறுத்த கதை இது.

மறைத்து வைத்த விதியால் விளைவது யாது? 2012ஆம் ஆண்டைப் பாருங்கள். பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்க தலைமையிலான உயர் நீதிமன்றம், திவிநெகும சட்டமூலம் மாகாண சபைகளுக்கு அனுப்பப்படல் வேண்டும் என்று செப்டெம்பரில் தீர்மானித்தது. நவம்பரில் 117 உறுப்பினர் ஒப்பமிட்ட குற்றப் பிரேரணை வந்தது. பதினான்கு குற்றச்சாட்டுக்களில் ஒன்று, வங்கிக் கணக்குகளைச் சொத்து விபரத்தில் காட்டவில்லை என்பது. அவர் அதனை மறுத்தார். தெரிவுக் குழுவிலிருந்து திரு. சம்பந்தன் உட்பட எதிரணியினர் நால்வரும் வெளியேறினர். எஞ்சிய ஆளுங்கட்சியினர் எழுவரே குற்றவாளி எனக் கண்டனர். அத்தகைய தீர்ப்பளிக்கத் தெரிவுக் குழுவுக்கு அதிகாரமில்லை என உயர் நீதிமன்றம் கூறியும், 2013 ஜனவரியில் அவர் நீக்கப்பட்டார். 2015 ஜனவரியில் அந்நீக்கம் செல்லாதெனக் கொள்ளப்பட்டு, அவர் மீண்டும் பதவியேற்று மறுநாளே ஓய்வு பெற்றார்.

இதிலிருந்து சிலர், நீதிபதியிடம் கணக்குக் கேட்பதே ஆபத்து என்று வாதிப்பர். நான் அவ்வாறு கொள்ளேன். ஆண்டுதோறும் எல்லா நீதிபதிகளின் கணக்கும் பொதுமக்கள் கண்முன் இருந்திருப்பின், ஒருவர்மீது மாத்திரம், அரசாங்கம் சினந்த வேளையில் மாத்திரம், அதை ஆயுதமாக ஓங்க முடிந்திராது. கணக்கு வெளிச்சத்தில் இருந்தால் அது நேர்மையான நீதிபதிக்கு வேலி. இருட்டில் இருந்தால் ஆட்சியாளன் கையில் வாள்.

பிற நாடுகளும் இப்பாடத்தை மெல்லவே கற்றன. அமெரிக்க மத்திய நீதிபதிகள் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி கணக்கு அளிக்கின்றனர். நீதிபதிகளை மக்கள் வாக்களித்துத் தெரியும் பல மாநிலங்களில் வேட்பாளர்களும் அளித்தல் வேண்டும். இந்திய உயர் நீதிமன்றம் 1997இல் தன் நீதிபதிகள் தலைமை நீதிபதியிடம் விபரங் கொடுக்கத் தீர்மானித்தது. டில்லி நீதிபதி ஒருவரின் இல்லத்தில் பணம் காணப்பட்டதாகப் பெருஞ் சர்ச்சை எழுந்த பின்னர், 2025 மே மாதத்தில், நீதிபதிகளின் சொத்து விபரங்கள் இணையத்தளத்தில் வெளிவந்தன.

நம் நாட்டிலும் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கிற்று. மார்ச் 31ஆந் தேதி நிலவரப்படி ஜூன் 30ஆந் தேதிக்குள் விபரம் கொடுபடல் வேண்டும். முகவரி, வங்கிக் கணக்கு இலக்கம் போன்றவற்றை மறைத்து ஏனையவற்றை வெளியிடலாம். ஆகவே நீதிபதியின் பாதுகாப்புக்குப் பங்கம் என்ற வாதமும் நில்லாது.

இனி நாம் கோர வேண்டியவை மூன்று. ஒன்று: உயர் நீதிமன்றத்துக்கு ஒருவர் பெயர் முன்மொழியப்படும்போதே, அரசியலமைப்புப் பேரவை இசையுமுன் அவரது சொத்து விபரத்தையும் கடன் விபரத்தையும் ஆராய்தல் வேண்டும். பதவி ஏறிய பின் கேட்பது பயிர் அழிந்தபின் வேலி அடைப்பதாகும். இரண்டு: விபரத்தில் பிழை உண்டெனின், அதை விசாரிப்போர் அரசியல் எதிரிகளாயிராது சுயாதீனமானவராதல் வேண்டும். மூன்று: ஒரே விதி, எல்லா நீதிபதிகளுக்கும், எல்லா ஆண்டும்.

வழக்கறிஞரே, நீங்கள் இவ்விதியின் நுட்பங்களை மக்களுக்கு எடுத்துரையுங்கள். கமக்காரரே, உங்கள் காணி வழக்கில் தோற்பினும் நீதியாலேயே தோற்றோம் என்று நெஞ்சாறி வீடு திரும்பும் நிலையைக் கேளுங்கள். அது சலுகையன்று; உரிமை!