லக்னோவின் வாரிசுகள்

(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1936 ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் லக்னோ நகரில் மூன்று மாநாடுகள் கூடின. காங்கிரஸ் மாநாட்டுக்கு ஜவஹர்லால் நேரு தலைமை வகித்தார். சுவாமி சகஜானந்தரைத் தலைவராகக் கொண்டு அகில இந்திய கிசான் சபை பிறந்தது. பிரேம்சந்த் தலைமையில் கூடிய முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முதல் மாநாடு, சஜ்ஜாத் ஜாகீரைப் பொதுச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தது. அதே வாரத்தில் பம்பாயில் நடைபெற்ற முஸ்லிம் லீக் மாநாட்டின் தலைவர் சர் வசீர் ஹசன். அவத் தலைமை நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற அவர், சஜ்ஜாத் ஜாகீரின் தந்தை.

பெரிய வீட்டுப் பிள்ளைகள் செங்கொடி ஏந்தியதை மெய்சிலிர்த்துப் பேசுவோர் உண்டு. கம்யூனிசமே சீமைக்குப் படிக்கப் போனவர்களின் பொழுதுபோக்கு என்று ஏளனம் செய்வோரும் உண்டு. அந்த வீடுகள் எந்த மண்ணின்மீது நின்றன என்பதை இரு சாராருமே கேட்பதில்லை.

1857 எழுச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயர், அவத்தின் தாலுக்தார்களுக்கு நிலத்தைத் திருப்பித் தந்து, அவர்களைத் தம் ஆட்சியின் தூண்களாக்கினர். குத்தகை விவசாயி நஜ்ரானா என்னும் காணிக்கை கட்ட வேண்டும். கூலியின்றி வெட்டிவேலை செய்ய வேண்டும். எந்த நாளும் நிலத்தைவிட்டு வெளியேற்றப்படலாம். 1920-21இல் பாபா ராமச்சந்திரரின் பின்னே பிரதாப்கட், ரேபரேலி, பைசாபாத் விவசாயிகள் திரண்டெழுந்தபோது துப்பாக்கிச் சூடு பதிலாக வந்தது. அந்தத் தலைமுறை வாரிசுகளை இரு பக்கங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நிர்ப்பந்தித்தது இந்த எழுச்சியே. சீமைப் பல்கலைக்கழகம் பின்னர் வந்தது.

பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தது தம் எஸ்டேட்டைத்தான். 1934இல் ஆளுநர் ஹெய்லியின் ஆசியுடன் ஐக்கிய மாகாண நிலப்பிரபுக்கள் தேசிய விவசாயக் கட்சியைத் தொடங்கினர். ஏர் பிடிக்காதவர்களின் விவசாயக் கட்சி! 1937 தேர்தலில் மக்கள் அதைப் புறந்தள்ளினர். 1931இல் மிக இளம் வயதிலேயே பட்டத்துக்கு வந்த மஹ்மூதாபாத் ராஜாவோ முஸ்லிம் லீக்கின் முன்வரிசைக்குப் போனார்.

மறுபக்கம் சென்றவர்கள் வெகு சிலர். 1932 டிசம்பரில் லக்னோவில் 'அங்காரே' என்ற உருதுத் தொகுப்பு வெளிவந்தது. ஒன்பது கதைகள், ஒரு நாடகம். எழுதியோர் நால்வர்: சஜ்ஜாத் ஜாகீர், அகமது அலி, ராம்பூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த மஹ்மூதுஸ்ஸபர், அலிகரில் பெண்கள் பள்ளி நிறுவிய ஷேக் அப்துல்லாவின் மகளான மருத்துவர் ரஷீத் ஜஹான். மதவாதிகள் கொதித்தெழுந்தனர். 1933 மார்ச்சில் ஐக்கிய மாகாண அரசு நூலைத் தடை செய்து பிரதிகளை அழித்தது. மன்னிப்புக் கேட்டால் போதும், குடும்ப கௌரவம் பிழைத்துவிடும். மஹ்மூதுஸ்ஸபரோ அலகாபாத் 'லீடர்' நாளேட்டில் அறிக்கை வெளியிட்டு, மன்னிப்புக் கேட்கப்போவதில்லை என அறிவித்தார்.

இங்கே ஒரு வேறுபாட்டை மறைக்கலாகாது. சஜ்ஜாத் ஜாகீர் அந்த ஆண்டே சட்டம் பயில லண்டன் சென்றார். வாரிசுக்கு அப்படியொரு வாசல் எப்போதும் திறந்திருந்தது. ரஷீத் ஜஹானும் பேர்பெற்ற வீட்டுப் பெண்தான். ஆயினும் உருவத்தைச் சிதைப்போம் என்ற மிரட்டல் அவரை நோக்கியே வந்தது. ஓயாத பிள்ளைப்பேற்றில் பெண்ணுடல் நலிவதைத் தம் நாடகத்தில் ஒரு பெண்ணே சொன்னதுதான் குற்றம். அவர் எழுத்தையும் விடவில்லை, மருத்துவத்தையும் விடவில்லை.

சஜ்ஜாத் ஜாகீர் 1935இல் திரும்பி வந்தார், பாரிஸ்டர் பட்டத்துடன். வழக்காடிப் பொருளீட்டுவதற்கு மாறாக எழுத்தாளர்களைத் திரட்டினார். கம்யூனிஸ்ட் கட்சிப் பணியில் இறங்கினார். யுத்த எதிர்ப்புக்காக 1940இல் கைது செய்யப்பட்டு இரண்டாண்டுகள் சிறையில் இருந்தார்.

சென்னை மாகாணமும் விலக்கன்று. 1926 முதல் 1930 வரை முதன்மை அமைச்சராக இருந்த குமாரமங்கலம் ஜமீன்தார் சுப்பராயனின் மகன் மோகன், ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று திரும்பியபின், பி.ராமமூர்த்தி முதலான தோழர்களுடன் சென்னை சதி வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றார்.

மஹ்மூதுஸ்ஸபரை மணந்துகொண்ட ரஷீத் ஜஹான், 1949இல் ரயில்வே தொழிலாளர் போராட்டத்தில் சிறை சென்று, புற்றுநோயுற்ற உடலோடு உண்ணாவிரதம் இருந்தார். 1952இல் மாஸ்கோவில் மறைந்தார்.