எட்டு மணி உழைப்புக்குப் பிறகு எங்கே போவது?

(கம்மாபுரத்தில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று பூங்காவைப் பற்றியும் விளையாட்டுத் திடலைப் பற்றியும் பேசப் போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். "கூலிக்கே தாளம் போடுகிறோம், இதில் பூங்கா ஒன்றுதான் குறைச்சலாக்கும்!" என்று பின்வரிசையில் ஒரு குரலும் கேட்டது. அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

தொழிலாளி வர்க்கம் உலகமெங்கும் எழுப்பிய முதல் பெரிய கோஷம் எது? எட்டு மணி வேலை. 1817-லேயே இங்கிலாந்தில் ராபர்ட் ஓவன் இதைச் சொன்னார். 1886-ல் சிகாகோ தொழிலாளர் இதற்காகவே ரத்தம் சிந்தினார்கள். ஆனால் அந்தக் கோஷத்துக்கு மூன்று பகுதிகள் உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். எட்டு மணி உழைப்பு, எட்டு மணி உறக்கம், இன்னொரு எட்டு மணி மனிதன் மனிதனாக வாழ்வதற்கு. படிக்க, பாட, ஆட, பிள்ளை குட்டிகளோடு உட்கார்ந்து பேச, நாலு பேரோடு கூடி நாட்டு நடப்பை விவாதிக்க!

முதல் எட்டு மணிக்காக நாம் இன்னும் சண்டை போட வேண்டியிருக்கிறது. 2023 ஏப்ரல் 21-ந் தேதி, தொழிற்சாலைகளில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியதே, நினைவிருக்கிறதா? தொழிற்சங்கங்கள் ஒன்றாக எழுந்தன. மே தினத்தன்று சர்க்கார் அதை வாபஸ் வாங்கியது. சரி, காப்பாற்றிய அந்த நேரத்தை நாம் எங்கே போய்ச் செலவழிக்கிறோம்? டீக்கடை பெஞ்சிலா? டாஸ்மாக் வாசலிலா? ஆறுக்கு எட்டடி வீட்டுக்குள் புழுங்கிக்கொண்டா? நேரத்தை வாங்கிவிட்டு, அந்த நேரத்தில் கால் வைக்க இடம் இல்லை என்றால், பாதி வெற்றியைத்தானே வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்?

பணக்காரனுக்குப் பூங்கா தேவையில்லை. அவன் வீட்டைச் சுற்றித் தோட்டம் இருக்கிறது, கிளப் இருக்கிறது, கோடைக்கு ஊட்டி இருக்கிறது. மூன்று சென்ட் மனையில் குடிசை போட்டவனுக்குத்தான் ஊர்த் திடல் தேவை. அதுதான் அவன் வீட்டு முற்றம். அதுதான் அவன் கல்யாணப் பந்தல் போடும் இடம். அவன் சங்கம் கூடும் மண்டபமும் அதுதான். 1923 மே 1-ந் தேதி ம. சிங்காரவேலர் இந்த நாட்டிலேயே முதல் மே தினத்தைக் கொண்டாடினார் அல்லவா? எங்கே? வாடகை மண்டபத்திலா? சென்னைக் கடற்கரை மணலில்! உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலும் திருவல்லிக்கேணியிலும். கட்டணம் கேட்காத பொது இடம் இருந்ததால்தான் ஏழைகள் அங்கே கூட முடிந்தது.

ஜனங்களின் பூங்காவை யார் தின்றது?

இருக்கிற பொது இடம் எப்படிக் கைநழுவுகிறது என்பதற்குச் சென்னையே பெரிய பாடம். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் 1859-ல் டிரெவெலியன் கவர்னராக இருந்தபோது "பீப்பிள்ஸ் பார்க்", அதாவது ஜனங்களின் பூங்கா, உருவாயிற்று. 116 ஏக்கர்! குளங்கள், நடைபாதைகள், மிருகக்காட்சிச் சாலை எல்லாம் அதற்குள். அப்புறம் என்ன நடந்தது? விக்டோரியா மண்டபத்துக்கு ஒரு துண்டு. மூர் மார்க்கெட்டுக்கு ஒரு துண்டு. 1913-ல் திறந்த ரிப்பன் கட்டிடத்துக்கு ஒரு துண்டு. ஸ்டேடியத்துக்கு ஒரு துண்டு. ரயிலுக்கு ஒரு துண்டு. மிருகக்காட்சிச் சாலை 1985-ல் வண்டலூருக்குப் போயிற்று. இன்று அங்கே ஒரு மூலையில் சின்னத் தோட்டம் மட்டும் மிச்சம்.

கவனியுங்கள் தோழர்களே! யாரும் ஒரே நாளில் வந்து 116 ஏக்கரையும் அபகரிக்கவில்லை. ஒவ்வொரு துண்டும் ஒரு "நல்ல காரியத்துக்காக" போயிற்று. காலி இடம் என்றாலே உபயோகமில்லாத இடம் என்று நினைக்கிற புத்தியே அந்தப் பூங்காவைத் தின்றது. நம் ஊரிலும் திடலில் தண்ணீர்த் தொட்டி வரும், பிறகு ஒரு குடோன் வரும், பிறகு ஒரு ஆபீஸ் வரும். கடைசியில் பிள்ளைகள் பந்து விளையாட ரோட்டுக்குப் போவார்கள். அங்கே கரும்பு லாரி வரும்.

வேலியின் அந்தப் பக்கம்

சென்னைக்குப் போவானேன்? நமக்குப் பக்கத்திலேயே நெய்வேலி இருக்கிறது. 1956-ல் பழுப்பு நிலக்கரிக் கம்பெனி பதிவாயிற்று. 1957 மே 20-ந் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அதோடு ஒரு நகரத்தையும் திட்டம் போட்டுக் கட்டினார்கள். வட்டம் வட்டமாகப் பிரித்தார்கள். அகலமான சாலை, இரு மருங்கிலும் மரம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைவீதி, பூங்கா, பாரதி விளையாட்டரங்கம். யாரும் அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பொதுத் துறையால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அது கண்கண்ட சாட்சி. தொழிலாளி குடியிருக்கும் இடத்தில் நிழலும் திடலும் இருக்க வேண்டும் என்பதை ஒரு சர்க்கார் நிறுவனமே ஏற்றுக்கொண்டு செய்து காட்டியிருக்கிறது.

ஆனால் அந்தத் திட்டம் நிரந்தர ஊழியரின் குடியிருப்போடு நின்றுவிட்டது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு எழுந்து போன குடும்பங்கள், அதே சுரங்கத்தில் அதே வெயிலில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள், இவர்களில் பெரும்பாலோர் வேலிக்கு வெளியே, மந்தாரக்குப்பத்திலும் சுற்றுப்பட்ட கிராமங்களிலும் குடியிருக்கிறார்கள். வேலிக்கு உள்ளே வரைபடம் போட்டு நகரம் கட்டினார்கள். வெளியே அவரவர் பாட்டுக்குக் கிடைத்த இடத்தில் குடியேறினார்கள். ஒரே சங்கு ஊதுகிறது. ஒரே தூசியைச் சுவாசிக்கிறோம். வேலை முடிந்து வீடு திரும்பும்போது மட்டும் இரண்டு உலகம்! இது நியாயமா?

மனை போடுகிறவன் தர வேண்டிய பங்கு

இப்போது நம் பக்கம் வருகிறேன். விருத்தாசலத்துக்கும் நெய்வேலிக்கும் பக்கத்தில் கிடக்கிற ஒன்றியம் இது. இப்படிப்பட்ட இடத்தில் வயலும் முந்திரித் தோப்பும் மனையாக மாற எத்தனை நாளாகும்? வண்ணக் கொடி கட்டி, வெள்ளைக் கல் ஊன்றினால் போதும். கிராமம் புறநகராக மாறுகிற நேரம்தான் முக்கியமான நேரம். இப்போது இடம் ஒதுக்காவிட்டால், அப்புறம் கோடி கொடுத்தாலும் கிடைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது? 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல், மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பொது உபயோகத்துக்குத் திறந்த இடமாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் இடத்தைக் கொடுக்கலாம், அல்லது அதற்கு ஈடான பணத்தைக் கட்டிவிடலாம். 3,000-க்குள் என்றால் ஒன்றும் கிடையாது.

இதில் இரண்டு ஓட்டைகள் இருப்பது தெரிகிறதா? ஒன்று, பெரிய நிலத்தைத் துண்டு துண்டாக்கி, தனித்தனி மனைப்பிரிவு என்று காட்டினால் பங்கு தர வேண்டாம். இன்னொன்று, பணமாகக் கட்டிவிட்டால் அந்த ஊருக்கு இடம் கிடைக்காது; பணத்தில் குழந்தை ஓடி விளையாட முடியுமா? ஆகவே, இடமாகவே வாங்கு என்று பஞ்சாயத்து பிடிவாதம் பிடிக்க வேண்டும். வரைபடத்தில் பச்சை வண்ணம் அடித்த இடத்துக்குத் தானப் பத்திரம் பதிவாயிற்றா, அதைச் சுற்றிக் கல் நட்டாயிற்றா என்று நாம் போய்ப் பார்க்க வேண்டும்.

பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை வேறு ஆளுக்குத் தூக்கிக் கொடுத்தால்? பெங்களூரில் ராஜ்மகால் விலாஸ் விஸ்தரிப்பில் பூங்காவுக்கென்று விட்ட இடத்தை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். குடியிருந்த ஜனங்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1991-ல் சுப்ரீம் கோர்ட் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆஸ்பத்திரி நல்ல காரியம்தான். அதற்காகப் பூங்காவின் கழுத்தை நெரிக்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

கிராமத்துப் பொது நிலத்துக்கும் தீர்ப்பு உண்டு. 2011 ஜனவரி 28-ந் தேதி, ஜக்பால் சிங் வழக்கில், குளம், மந்தை, திடல் போன்ற பொது நிலங்களை ஆக்கிரமித்தவர்களிடமிருந்து மீட்டு ஊருக்கே திரும்பக் கொடுக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டார்கள். அதே தீர்ப்பு, சர்க்கார் அறிவிப்பின்படி நிலமற்ற கூலிகளுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் குத்தகையாகக் கொடுத்த இடங்களை விதிவிலக்காகச் சொல்லியிருக்கிறது. இதை மனத்தில் வையுங்கள். பூங்கா என்ற பெயரைச் சொல்லிக் குடிசையை இடிக்க வந்தால் நாம் அதற்குத் துணை போகக் கூடாது. பெரிய மிராசு வளைத்த புறம்போக்கை முதலில் அளக்கட்டும்! ஏரியைத் தூர்த்துப் பூங்கா போடுகிற வேலையும் வேண்டாம். நீர் நிற்கிற இடத்தில் நீர் நிற்கட்டும். கரையில் மரம் நடுவோம்.

எப்படி இருக்க வேண்டும் நம் திடல்?

பூங்கா என்றால் புல்தரை, நீரூற்று, பூட்டிய இரும்புக் கேட் என்று நினைக்க வேண்டாம். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆண்கள் கபடி ஆடுகளம் 13-க்கு 10 மீட்டர். வாலிபால் ஆடுகளம் 18-க்கு 9. கோ-கோ ஆடுகளம் 27-க்கு 16. மூன்றையும் சேர்த்தால் 724 சதுர மீட்டர், ஏக்கரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை! சுற்றிலும் விட வேண்டிய இடத்தை விட்டாலும், குழந்தைகளுக்கு ஊஞ்சல், ஒரு படிப்பகம், கூட்டம் போட மேடை, வேம்பும் புங்கனும் நட்ட நிழல், எல்லாம் ஒரு ஏக்கருக்குள் அடங்கிவிடும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஊருக்கு நடுவே, கோயில் வாசலுக்கு எதிரே திடல் போட்டால் சேரிப் பிள்ளைகள் அங்கே கால் வைக்கக் கூசுவார்கள். கூசாமல் வந்தால் விரட்ட ஆள் இருக்கும். பொது இடங்களில் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 15-வது ஷரத்து சொல்கிறது. ஆனால் ஷரத்து காகிதத்தில் இருக்கிறது. திடல் தரையில் அல்லவா இருக்கிறது? ஆகவே இரு பகுதிக்கும் பொதுவான இடத்தில், இரு பக்கமிருந்தும் வழி உள்ள இடத்தில் திடல் வேண்டும். ஆலையில் ஒரே மிஷினில் நிற்கிறவன், வயலில் ஒரே வரப்பில் நிற்கிறவன், மாலையில் ஒரே கபடிக் கோட்டில் நிற்கட்டும். சாதிக்காரச் சண்டியனுக்கு இதைவிடப் பெரிய அடி வேறில்லை.

தாய்மார்கள் விஷயம் சொல்ல வேண்டும். காலையில் நடவு, மாலையில் அடுப்பு; அவர்களுடைய எட்டு மணிக் கணக்கை யார் எழுதினார்கள்? திடல் குழாயடிக்கும் அங்கன்வாடிக்கும் பக்கத்தில் இருந்தால், விளக்கும் கழிப்பறையும் இருந்தால், அவர்களும் அரைமணி உட்காருவார்கள். பெண் பிள்ளைகளும் ஓடியாடுவார்கள். விளக்கில்லாத திடல் ஆண்களுக்கு மட்டுமான திடல்.

அப்புறம் பராமரிப்பு. 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கிராமந்தோறும் நூலகமும் விளையாட்டு மையமும் வந்தன. 2016-ல் அம்மா பூங்கா, உடற்பயிற்சிக் கூடம் என்று அறிவித்தார்கள். பல ஊர்களில் ஊஞ்சல் துருப்பிடித்து, கூடம் பூட்டிக் கிடந்ததைப் பத்திரிகைகளே எழுதின. ஏன்? கட்டுவதற்குக் காண்டிராக்ட் உண்டு. காப்பதற்குக் கூலி இல்லை. தண்ணீர் ஊற்ற ஒரு ஆள், அவருக்கு மாதம் தவறாத சம்பளம், இதையும் சேர்த்துக் கேட்காவிட்டால், திறப்பு விழாக் கல்வெட்டு மட்டுமே மிஞ்சும்.

கேட்காமல் கிடைத்ததில்லை

வியன்னா நகரத்தில் 1919 முதல் 1934 வரை தொழிலாளர் கட்சி நகராட்சியை நடத்தியது. பணக்காரரின் ஆடம்பரத்துக்கு வரி போட்டு, தொழிலாளிக்கு அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் கட்டியது. 1930-ல் திறந்த கார்ல் மார்க்ஸ் குடியிருப்பு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதில் கட்டிடம் நின்றது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நிலத்தில்; மீதியெல்லாம் தோட்டமும் குழந்தைகள் விளையாடும் முற்றமும்!

இங்கிலாந்தில் 1932 ஏப்ரல் 24-ந் தேதி, மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கிண்டர் ஸ்கவுட் என்ற மலைமேட்டில் ஏறினார்கள். பிரபுக்கள் வேட்டையாட அடைத்து வைத்த மலை அது. முன்னே நின்றவர் பென்னி ராத்மன் என்ற இளம் கம்யூனிஸ்ட். ஐந்து பேர் சிறை சென்றார்கள். 1949-ல் தேசியப் பூங்காக்களுக்கும் கிராமப்புறத்தில் நடமாடும் உரிமைக்கும் சட்டம் வந்தது. நடக்கிற உரிமைக்கே சிறை செல்ல வேண்டியிருந்தது!

நாம் இப்போது செய்ய வேண்டியது என்ன? நம் பஞ்சாயத்தில் உள்ள புறம்போக்கு, களம், மந்தை எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு எழுதுவோம். எந்த மனைப்பிரிவில் எவ்வளவு பொது இடம் ஒதுக்கினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டிக் கேட்போம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. மே தினமும் அதில் ஒன்று என்பது நமக்கு நல்ல வாய்ப்பு. கொடியேற்றிவிட்டு வீட்டுக்குப் போகாமல், ஆணும் பெண்ணும் கிராம சபைக்குப் போய், பட்டியலை மேஜையில் வைத்து, தீர்மானம் எழுதி, கையெழுத்துப் போடும் வரை எழுந்திருக்காமல் உட்காருவோம். நெய்வேலி நிறுவனம் சுற்றுக் கிராமங்களுக்குச் செலவிடும் சமூக நிதியில் திடலும் விளக்கும் காவலாள் சம்பளமும் வேண்டும் என்ற கோரிக்கையையும் அங்கேயே சேர்ப்போம்.

கூலிப் போராட்டமும் திடல் போராட்டமும் வேறு வேறல்ல தோழர்களே! ஒன்று நம் உழைப்பின் விலையைக் கேட்கிறது. மற்றது உழைப்புக்குப் பிறகு மிஞ்சும் வாழ்வைக் கேட்கிறது. இரண்டையும் சேர்த்தே கேட்போம். முதலில், நாளைக் காலையே, சங்கத் தோழர்கள் நாலு பேர் கிராம நிர்வாக அலுவலர் ஆபீசுக்குப் போய் 'அ' பதிவேட்டைப் பார்த்து, ஊர்ப் பொது நிலத்தின் பட்டியலை எழுதி வரட்டும்!